தெளிந்த தண்ணீரை நம்பினேன்

மண் கொட்டும் தளங்களுக்குச் சுற்றுச்சூழல் அதிகாரிகளாகப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

ஓய்வு பெற்ற பிறகு என்னை இரண்டு வேலைகளுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். ஒன்று, புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற. இன்னொன்று, உங்களைப் போன்றவர்களுக்கு அனுபவத்தைச் சொல்ல. செடிகள் எவ்வளவோ பரவாயில்லை, கொட்டாவி விடுவதில்லை.

விதிமுறைகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. தேர்வு எழுதிவிட்டு வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு அவை என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எழுதப் போவது நான் செய்த ஒரு தவறைப் பற்றி. தவறு என்று சொல்ல வாய் வராமல் அதைச் சவால் என்று சொல்கிறவர்கள் நம் தொழிலில் நிறைய உண்டு. எனக்கு அந்த நாசூக்கு வராது.

சுவா சூ காங் தாண்டி, கல் உடைப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட ஒரு குவாரி. ரயில் சுரங்கத்துக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தை நிரப்பும் வேலையை எங்கள் நிறுவனம் எடுத்திருந்தது. சுத்தமான மண் மட்டும்தான் உள்ளே வரலாம். கான்கிரீட் கழிவு, எண்ணெய் பட்ட மண், பட்டறைக் கழிவு எதற்கும் அனுமதி இல்லை. கேட்டில் ஒருவர் மேடைமேல் நின்று ஒவ்வொரு லாரியையும் எட்டிப் பார்த்து, எந்தத் தளத்து மண் என்று எழுதிய சிட்டை வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்.

மழைத் தண்ணீர் பள்ளத்தின் தாழ்ந்த மூலையில் வந்து தேங்கும். அதை பம்ப் வைத்து இறைத்து, தொட்டிகளில் வண்டலைப் படியவைத்து, தெளிந்த பிறகு வெளி வடிகாலில் விடவேண்டும். வடிகால் கால்வாயில் சேரும். கால்வாய் நீர்த்தேக்கத்தில் சேரும். நீர்த்தேக்கம் என்றால் இந்த ஊரில் நம் வீட்டுக் குழாய்தான், வேறென்ன?

நம் தொழிலில் எல்லோருக்கும் ஒரே ஒரு நிறத்தைக் கண்டால்தான் பயம். பழுப்பு. வடிகால் வாயில் கேமரா இருக்கிறது. தேநீர் நிறத்தில் தண்ணீர் போனால் பத்து நிமிடத்தில் போன் வரும், மறுநாள் அபராதம் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து பழுப்பையே பார்த்துப் பார்த்து, கனவில்கூட பழுப்புத் தண்ணீர்தான். மழை இருட்டினால் முதலில் வடிகால் பக்கம்தான் ஓடுவேன்.

அந்தத் தளத்தில் சில மாதங்கள் கழித்து ஓர் அதிசயம் நடந்தது. தண்ணீர் தானாகவே தெளிய ஆரம்பித்தது. மழை பெய்த மறுநாளே பள்ளத்து மூலையில் தண்ணீர் இளம் பச்சையும் நீலமுமாக, அடியில் கிடக்கும் கல் தெரிகிற அளவுக்கு நின்றது. வண்டல் படிய தொட்டியில் போடும் மருந்தைப் பாதியாகக் குறைத்தோம், அப்போதும் தெளிவு. மேட்டுப் பக்கம் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தார்கள். ஒரு அம்மாள் வேலி ஓரம் நின்று, இங்கே பூங்கா வரப்போகிறதா என்று என்னிடம் ஆசையாகக் கேட்டார். எங்கள் புராஜெக்ட் மேனேஜர், ஒரு சீனர், வாரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைக் கேலி செய்தே வளர்ந்தவள் நான்.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயரைப் போடாதீங்கக்கா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், ஆகவே போடவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஒன்பது வருடமாக இங்கே பர்மிட்டில் வேலை. பள்ளத்தின் அடியில் இருக்கும் பம்புகள் அவர் பொறுப்பு. எல்லோரும் அவரை பம்ப் அண்ணன் என்று கூப்பிடுவார்கள், மேனேஜர் உள்பட. என்னைவிட வயதில் சிறியவர் என்பதால் நான் மட்டும் தம்பி என்பேன். பம்பின் வாயில் வலை ஒன்று உண்டு. அதில் குப்பை அடைக்கும்போதெல்லாம் தண்ணீரில் இறங்கிக் கையால் எடுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை இறங்குவார். பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். முழங்கால் ஆழத்துக்குப் போனால் பூட்ஸ் என்ன செய்யும், தண்ணீரை மொண்டுவைத்துக்கொள்ளும் வாளியாகிவிடும்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. தளத்தில் யாரைப் பார்த்தாலும் ஏதாவது சொல்லிச் சீண்டினால்தான் எனக்குப் பொழுது போகும். அவரும் சளைக்காமல் பதில் சொல்வார். ஒரு நாள் தொட்டி அருகில் நின்று நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது வந்து சொன்னார்.

“அக்கா, இந்தத் தண்ணி என்னமோ வழுவழுன்னு இருக்குக்கா. எத்தன தடவ கழுவுனாலும் கையில சோப்பு போகாத மாதிரியே இருக்கு.”

“நல்லதுதானே தம்பி? சோப்பு வாங்குற வேலை மிச்சம் லா,” என்றேன், இந்த ஊர் லாவையும் சேர்த்து.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். குறிப்பேட்டை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அந்தக் குறிப்பேட்டைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டும். தண்ணீரில் அமிலம் அல்லது காரம் எவ்வளவு என்று காட்டும் கருவி தொட்டியில் இருந்தது. தண்ணீர் தெளிய ஆரம்பிப்பதற்குச் சற்று முன்பே அது பழுதாகி, மாற்றுப் பாகத்துக்காகக் காத்திருந்தோம். அது வரும்வரை தினமும் காலையில் ஒரு காகிதப் பட்டையைத் தண்ணீரில் தோய்த்து, அதன் நிறத்தைப் பார்த்து எண்ணை எழுதவேண்டும். முதல் இரண்டு வாரம் ஒழுங்காகத் தோய்த்தேன். ஏழரை, ஏழரை, ஏழரை. குழாய்த் தண்ணீர் மாதிரி நல்ல எண். மூன்றாம் வாரம் ஒரு நாள் அடைமழை, தொட்டிப் பக்கம் போக முடியவில்லை. நேற்றும் ஏழரை, இன்றும் ஏழரையாகத்தானே இருக்கும் என்று எழுதிவிட்டேன். மறுநாள் மழை இல்லை. அன்றும் பார்க்காமலேயே எழுதினேன். அப்படியே ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. ஏழரையை எழுதி எழுதி ஏழரையை நானே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

என்னை மோசக்காரி என்று நினைக்காதீர்கள், அல்லது நினையுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒன்று. அந்த ஒன்றரை மாதமும் நான் சோம்பேறியாக இருக்கவில்லை. காலை ஏழு மணிக்கே தளத்தில் இருப்பேன். தண்ணீரின் நிறத்தை ஒரு நாளைக்குப் பத்து முறை பார்ப்பேன். பழுப்பு இல்லை என்று தெரிந்ததும் என் வேலை முடிந்ததாக மனது முடிவு செய்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் லிட்டில் இந்தியாவுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தேன். சிராங்கூன் சாலை எப்போதும்போல் திருவிழாக் கூட்டம். கடை வரிசையின் தூண்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு ஒருவர் பாதத்தின் ஓரத்தால் நடந்து வந்தார். பம்ப் அண்ணன்தான். வேட்டி கட்டினால் மாப்பிள்ளை, பேன்ட் போட்டால் டைரக்டர் என்று ஏதோ சீண்ட வாயெடுத்தேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் ஒரு அரிசி மூட்டைக்குப் பின்னால் கால்களை மறைத்து நின்றார்.

“என்ன தம்பி, கால்ல என்ன?”

“ஒண்ணும் இல்லக்கா. சேத்துப்புண்ணு. மருந்து வாங்கத்தான் வந்தேன்.”

“காட்டுங்க.”

“வேணாங்க்கா. நடுரோட்டுல போயி...”

“காட்டுங்க தம்பி.”

மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு காலை மட்டும் வெளியே எடுத்தார். சேற்றுப்புண் விரல் இடுக்கில் வரும். இது அப்படி இல்லை. கணுக்கால் வரை தோல் சிவந்து, வெந்நீர் கொட்டியது போல் வெந்து, குதிகால் ஓரம் வெள்ளையாக உரிந்திருந்தது. செருப்பு வார் பட்ட இடத்தில் பச்சைச் சதை தெரிந்தது.

டாக்டரிடம் போகலாம் என்றேன். அவர் பதறிவிட்டார்.

“அடுத்த மாசம் பர்மிட்டு புதுப்பிக்கணுங்க்கா. இப்ப போயி டாக்டர்கிட்ட எம்சி லீவு எடுத்தா, இவனுக்கு உடம்பு சரியில்லன்னு ஊருக்கு அனுப்பிடுவாங்க. நீங்க யாருட்டயும் சொல்லிடாதீங்க. உங்க கையக் காலா நெனச்சுக் கேக்குறேன்.”

சொல்ல மாட்டேன் என்று அந்த நேரத்துக்குத் தலையாட்டினேன். மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வழுவழு என்று அவர் சொன்னது காதில் கேட்டது. பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். சோப்பு ஏன் வழுக்குகிறது? காரம். கான்கிரீட் வேலை செய்கிறவர்களின் முட்டியில் நான் இதே புண்ணைப் பார்த்திருக்கிறேன். சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்தால் கலங்கிய மண்ணையும் அடியில் படியவைத்துவிடும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளியும். எங்கள் அதிசயம் அதுதான்.

அன்றைக்கே தளத்துக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சந்தேகம்தானே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மனது சமாதானம் சொன்னது. அது சொன்னதைக் கேட்டேன். இதையும் என் தவறுகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை பட்டையைத் தோய்த்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, கருநீலம், கடுங்காரத்தின் நிறம். இன்னொன்றைத் தோய்த்தேன். அதுவும் கருநீலம். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர், அழகான தெளிந்த தண்ணீர், கேமராவின் கண் முன்னால் வடிகாலில் போய்க்கொண்டிருந்தது. வடிகால் படியில் தினமும் வெயில் காயும் உடும்பு ஒன்று இருந்தது. அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்த முதல் யோசனை என்ன தெரியுமா? இன்றைய எண்ணை உண்மையாக எழுதிவிடலாம். சனிக்கிழமை வரை ஏழரை, இன்று திடீரென்று ஏறிவிட்டது என்று இருக்கட்டும். யாராலும் நிரூபிக்க முடியாது. கண்டுபிடித்தவள் என்ற பெயரும் கிடைக்கும். பேனாவைத் திறந்துவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மூடிவிட்டு, பம்ப் சுவிட்சுப் பக்கம் போனேன். அவர் அங்கே நின்றிருந்தார். அவர் கையால் நிறுத்தினால் பழி அவர்மேல் விழும். நானே நிறுத்தினேன். கேட்டுக்கு ரேடியோவில் சொல்லி லாரிகளை வெளியிலேயே நிறுத்தச் சொன்னேன். பள்ளத்தில் மண் அள்ளிக்கொண்டிருந்த இரண்டு எக்ஸ்கவேட்டர்களையும் மேலே ஏறச் சொன்னேன். கால் மணி நேரத்தில் சாலையில் லாரி வரிசை வளைந்து நின்றது. மழை பிடித்துக்கொண்டது. மேனேஜர் குடையை மறந்துவிட்டு ஓடிவந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

“பம்பை ஏன் நிறுத்தினாய்? பள்ளம் நிரம்பிவிடும் லா! தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது!”

பட்டையைக் காட்டினேன்.

“காகிதம்தானே? ஆய்வகத்துக்கு அனுப்பு. இரண்டு நாள். முடிவு வந்ததும் நிறுத்தலாம்.”

“இரண்டு நாளும் இது நீர்த்தேக்கத்துக்குப் போகும்,” என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. இரண்டு சுரங்கத் தளங்களின் மண் அவர் தலையில் இருந்தது. முகத்தில் வழிந்த மழையைக் கையால் துடைத்தார். பிறகு என் குறிப்பேட்டைக் கேட்டார். கொட்டகைக்குள் போய்ப் புரட்டிப் பார்த்தார். ஏழரை, ஏழரை. “நேற்று முன்தினம் வரை சரியாக இருந்திருக்கிறதே?” என்றார். வாசலில் நின்ற பம்ப் அண்ணன் பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் புரிகிற தள ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

“தினமும் தண்ணீரில் இறங்குகிறவன் நீ. உனக்குத் தெரியவில்லையா? முன்னாடியே யாரிடமாவது சொன்னாயா?”

பம்ப் அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை.

“தெரியும் சார். நான் யார்ட்டயும் சொல்லல.”

தெரிந்தும் சொல்லாதவர் என்று காகிதத்தில் ஏறினால் அவருடைய பர்மிட் அங்கேயே முடிந்தது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவேண்டியவர் எதிரில்தான் நிற்கிறார். இது தெரியாமல் அவர் சொல்லவில்லை. நன்றாகத் தெரிந்துதான் சொன்னார்.

கொட்டகையின் தகரக் கூரையில் மழை அடித்தது. அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அதுவரை ஒரு புகார்க் கடிதம்கூட வாங்காத பெயர்.

“அவர் பொய் சொல்கிறார்,” என்றேன். “என்னிடம் சொன்னார். தண்ணீர் சோப்பு மாதிரி இருக்கிறது என்று வந்து சொன்னார். நான் கேலி பேசி அனுப்பிவிட்டேன். இந்தப் புத்தகத்தில் ஒன்றரை மாத எண்கள் நான் பார்க்காமல் எழுதியவை. அவருடைய காலைப் பாருங்கள்.”

மேனேஜர் குனிந்து அந்தப் பூட்ஸைத் தானே கழற்றினார். அதற்குப் பிறகு பம்பைப் பற்றி அவர் பேசவில்லை. அரசு அதிகாரிகளுக்குப் போன் செய்தார்.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அறைக்கு வெளியே காத்திருந்தபோது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அவர் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு வேற ஒருத்தவுங்க வேலையக் கெடுத்துப் பழக்கமில்லக்கா. அப்புறம்... இந்த ஒம்போது வருசத்துல தளத்துல என்கிட்ட வேல சொல்லாம சும்மா பேசுன ஆளு நீங்க ஒருத்தவுங்கதான்.”

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதுபோல் போய்விட்டேன். என் கேலிப் பேச்சு அவர் காலை இத்தனை நாள் வேகவைத்தது. அதைப் போய் அந்த மனிதர் இப்படிப் பத்திரமாக வைத்திருந்தார். எனக்கு அது இன்றுவரை தாங்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு துணை ஒப்பந்தக்காரரின் லாரிகள் அடியில் சிமெண்ட் குழம்பையும் உடைந்த கான்கிரீட்டையும் போட்டு, மேலே ஒரு முழ உயரத்துக்கு நல்ல மண்ணைப் பரப்பிக் கொண்டுவந்திருந்தன. கேட்டில் எட்டிப் பார்த்தவருக்கு மேல் மண்தான் தெரிந்தது. கொட்டியதையெல்லாம் தோண்டி எடுக்க மாதக்கணக்கானது. நிறுவனத்துக்கு அபராதம் விழுந்தது. விசாரணைக்கு வந்த பெண் அதிகாரி, உங்கள் வயதுதான் இருக்கும், என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எத்தனை நாளாக இந்தத் தண்ணீர் வெளியே போயிருக்கிறது, மேடம்? எனக்குத் தெரியாது என்றேன். இன்றும் தெரியாது. யாருக்கும் தெரியப் போவதில்லை. அதைச் சொல்லியிருக்கவேண்டிய எண்களை நான் உட்கார்ந்த இடத்தில் எழுதிவிட்டேன். அபராதத்தைக் கட்டிவிடலாம் தம்பி தங்கைகளே, இதைக் கட்ட முடியாது.

என்னைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்லி, வேறொரு இடத்தில் கையுறை, தலைக்கவசம் எல்லாம் வைத்திருக்கும் ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். சரியான தண்டனைதான். வாக்குமூலத்தில் ஒரு வரியை மட்டும் நான் பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப எழுதவைத்தேன்: இந்த ஊழியர் ஆபத்தைத் தெரிவித்தார், பொறுப்பில் இருந்த நான் செவிகொடுக்கவில்லை. வக்கீல் அதை மென்மையாக்கிக்கொள்ளலாம் என்றார். வேண்டாம் என்றேன். அவருடைய விண்ணப்பம் அந்த வரியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

தளத்துக்குப் புதிதாக ஒரு இளைஞர் அதிகாரியாகப் போனார். நான் அவரை நேரில் பார்த்ததுகூட இல்லை. பொறுப்பை ஒப்படைக்கும் குறிப்பு மட்டும் அனுப்பினேன். தொட்டிகள், மருந்து, கருவி எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, அலுவலக வழக்கம் இல்லாவிட்டாலும், இரண்டு வரி எழுதிவைத்தேன். அந்த இளைஞர் அதைப் படிப்பாரா, படித்தாலும் கிழவி உளறுகிறாள் என்று தள்ளிவிடுவாரா, தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில், ஸ்டோரில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தபோது பம்ப் அண்ணன் போன் செய்தார்.

“அக்கா, பர்மிட்டு வந்துடுச்சுக்கா. ரெண்டு வருசம்.”

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“ஆறிப்போச்சுக்கா. இன்னிக்குத்தான் மறுபடி கீழ எறங்குறேன். இடுப்பு வரைக்கும் ரப்பர் உடுப்பு குடுத்துருக்காங்க. அக்கா, இந்தப் புது சார் என்ன பண்ணாரு தெரியுமா? வந்தவுடனே என்னைய உக்காரச் சொல்லி, பூட்ஸக் கழட்டச் சொல்லி, கால நல்லாப் பாத்தாரு. தண்ணி எப்படி இருக்கு அண்ணேன்னு கேட்டு, நான் சொன்னத அப்படியே எழுதிக்கிட்டாரு. அப்புறந்தான் பட்டையத் தோச்சாரு. ஏன் சார்னு கேட்டேன். உங்க அக்கா இப்படித்தான் எழுதி அனுப்பியிருக்காங்கன்னு சொன்னாரு.”

கையுறைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் சத்தமாக அழுதேன். அவர் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.